குடத்தில் கைவிட்ட சிறுவன்

சுரண்டையிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரம் வண்டியில் போனால் மானூர். குற்றாலத்து மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக அந்த ஊர்ப் பெரியகுளத்துக்குப் போகிறது. எங்கள் பக்கத்தில் மானூரைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்த செய்தி அவ்வளவுதான். அங்குள்ள சிவன் கோயிலில் மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 800ஐ ஒட்டியது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று தமிழ்நாட்டில் கிடைத்திருக்கும் மிகப் பழைய விதிகளில் ஒன்று அது.

பள்ளியில் எங்களுக்கு மக்களாட்சிப் பாடம் வந்தபோது மானூர் வரவில்லை, உத்திரமேரூர்தான் வந்தது. "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடத்தியவர்கள் தமிழர்கள்" என்று ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எழுதினோம். குடவோலை என்ற சொல் அப்படியே மனசில் ஒட்டிக்கொண்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்தது வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்து.

முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், உத்திரமேரூர்ச் சபை இரண்டு தீர்மானங்களைக் கல்லில் வெட்டியது. முதல் விதி இரண்டே வருஷத்தில் திருத்தப்பட்டது. முதலில் வயது 30 முதல் 60 வரை, பிறகு 35 முதல் 70 வரை. மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது உடனே புரியும். முதல் பதிப்பை ஊர் பயன்படுத்திப் பார்த்திருக்கிறது, ஓட்டை தெரிந்திருக்கிறது, அடைத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமில்லை, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. அந்த உறவு முறைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். மச்சான் பெயரில் நுழைகிற வித்தை அப்போதே உண்டு போல.

குலுக்கும் முறை இன்னும் அழகு. முப்பது குடும்புகள், இன்றைய வார்டு மாதிரி. குடும்புவாரியாகப் பெயரெழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் நம்பிகளில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! பிறகு அங்குள்ள நம்பிகள் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

இன்றைக்கு வாக்குப்பதிவு தொடங்குமுன் கட்சி முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குகள் போட்டு எண்ணிக் காட்டி, அழித்து, எந்திரத்தில் பூஜ்யம் இருக்கிறது என்று காட்டுகிறார்களே, அதே சந்தேகம்தான் அந்த ஐந்து விரலிலும் இருக்கிறது. என் கணிப்பில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது இதைத்தான். பெருமைக் கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் அந்தப் பெருமை, விதிகளை முழுக்க வாசித்தால் நிற்காது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, இவ்வளவும் இருந்தால்தான் ஓலையில் பெயர். வேதத்தோடு பாஷ்யமும் சொல்லத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும். பெண் பெயர் இல்லை, உழுதவன் பெயர் இல்லை. தீர்மானம் நடந்தபோது அரசனின் அதிகாரியும் கூடவே இருந்தார். மானூரும் பிரமதேயம்தான். அங்கே இன்னொரு விதி: சபையில் வரும் காரியத்துக்கெல்லாம் "அல்ல, அல்ல" என்று மறித்துக்கொண்டே இருப்பவனுக்கும் அவனுக்குத் துணை நிற்பவனுக்கும் ஐந்து காசு தண்டம். எதிர்க்கட்சிக்கு அபராதம்!

இதனால் குடவோலையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஏதென்ஸிலும் அடிமைகளுக்கும் பெண்களுக்கும் அந்நியர்களுக்கும் இடமில்லை. ஆனால் ஐநூறு பேர் அவைக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள். குலுக்கல்தான் மக்களாட்சிக்கு உரியது, தேர்ந்தெடுப்பது சிலராட்சிக்கு உரியது என்று கருதப்பட்டதாக அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். பணமும் சாதியும் ஓட்டை வளைக்க முடியும், சிறுவனின் கையை அவ்வளவு லேசில் வளைக்க முடியாது.

என் சித்தி சுரண்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஏழாம் வகுப்பில் தலைவர் தேர்தலை முதலில் ஓட்டுச்சீட்டில் நடத்தினார். முடிவைக் கேட்டேன்.

"என்னத்தல சொல்ல. தெருவெண்ணித்தான் போட்டிருக்குதுக. எந்தத் தெருவுல எத்தன பிள்ளைன்னு எனக்குத் தெரியும்லா? எண்ணிப் பாத்தா அச்சுப் பிசகாம அதே கணக்கு."

எங்கள் பக்கத்தில் தெரு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு நியமிக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லவேண்டி இருந்தது.

அடுத்த வாரம் சித்தி ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுபோனார். ஒன்றாம் வகுப்புப் பையனைக் கூட்டிவந்து சீட்டு எடுக்கச் சொன்னார். யாரும் நினைக்காத ஒரு பெண் பிள்ளையின் பெயர் வந்தது. "எனக்கு வேண்டாம் டீச்சர்" என்றாளாம் முதலில். அப்புறம் ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன் என்றாளாம். அதோடு சித்தி உத்திரமேரூர்க் கதையைச் சொல்ல, ஒரு பையன் கேட்டிருக்கிறான்: "அந்தக் குடத்துக்குள்ள எங்க பூட்டன் பேரு இருந்திருக்குமா டீச்சர்?"

"இருந்திருக்காதுப்பா. எம்பேரும் இருந்திருக்காது."

"பொறவு யாரு உள்ள போட்டா?"

சித்தி இந்தக் கேள்வியை எனக்குத் தள்ளிவிட்டார். 1946 தேர்தல் வரை நம் ஊரிலும் சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு அதை உடைத்தது. 1951-52இல் முதல் பொதுத் தேர்தல். வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். அப்போதும் "இன்னாரின் மனைவி" என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயரைத் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில். 1989இல் ஓட்டு வயது 21இலிருந்து 18 ஆனது.

பெயர் குடத்துக்குள் போனபிறகும் முடியவில்லை. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாவட்டத்து மேலவளவு தனித்தொகுதி ஆனது. தலைவரான முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் தேர்தலே நடக்கவிடவில்லை, இல்லையென்றால் ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006இல்தான் அது மாறியது. அதே 2006இல் அப்போதைய நெல்லை மாவட்டத்து நக்கலமுத்தன்பட்டியில் ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொலையுண்டார். யாரோ நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் தலைவராக இருக்க அவர் சம்மதிக்கவில்லை.

"கொலையப் போய் ஏழாப்புப் பிள்ளைகள்ட்ட எப்படில சொல்ல?" என்றார் சித்தி. கயிற்றின் நிறத்துக்கு அர்த்தம் தெரிந்த பிள்ளைகளுக்கு இது தெரியக் கூடாதா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்தார். மேலவளவை மட்டும் சொன்னார். வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்ததாம். அப்புறம் வந்த முதல் கேள்வி: "அந்த ஊர்ல இப்ப யாரு டீச்சர் தலைவர்?"