காத்திருப்பின் எடை

எடை குறைந்த மடிக்கணினி ஒன்றை இப்போதே வாங்கிவிடுவதா, தொடுதிரைகள் இன்னும் செம்மைப்படட்டும் என்று பொறுத்திருப்பதா? வரக்காப்பொலையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடைக்காரர் தரும் விலைப்பட்டியலில் இதற்கு விடை இல்லை. கையடக்கக் கணினிகளின் வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றின் முதற்பக்கத்தில் நிற்பவர் திருவண்ணாமலையில் வளர்ந்த ஒருவர் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி.

அவர் பெயர் அடம் ஓஸ்போர்ன். 1939 இல் பாங்கொக்கில் பிறந்தவர். தந்தையார் ஆர்தர் ஓஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர். அவரைப் பற்றி நூல்கள் எழுதியவர். ஆகவே மகனின் இளமைக்காலம் அருணாசல மலையடிவாரத்தில் கழிந்தது. பின்னர் இங்கிலாந்தில் படித்து அமெரிக்காவில் குடியேறிய அடம், கணினித் துறையில் முதலில் பெயர் பெற்றது எழுத்தாளராகவும் பத்தியாளராகவுமே. நமது தொழிலுக்கு அவர் அந்நியரல்லர்.

1981 ஏப்ரலில் அவர் அறிமுகப்படுத்திய ‘ஓஸ்போர்ன் 1’ கணினியே விற்பனையில் வெற்றி கண்ட முதலாவது கையடக்கக் கணினி. விலை 1,795 டொலர். கையடக்கம் என்ற சொல்லைக் கேட்டு இன்றைய பொருளில் மயங்கிவிடக் கூடாது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ வெறும் 5 அங்குலம். உள்ளே பற்றரியும் இல்லை. மின்சாரம் இல்லாத லயத்துக்கு அதைச் சுமந்து சென்றிருந்தால் வெறும் பெட்டியாகவே இருந்திருக்கும். ஆயினும் மக்கள் வாங்கினர். கணினியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற எண்ணமே அன்று புதுமை.

இரண்டு ஆண்டுகளில் காட்சி மாறியது. 1983 இல் அடுத்து வரவிருந்த சிறந்த கணினியைப் பற்றி அவரது நிறுவனம் முன்கூட்டியே பேசத் தொடங்கியது. வாங்க நினைத்தவர்கள் புதியது வரட்டும் என்று கையை இழுத்துக்கொண்டனர். பழைய சரக்கு தேங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்து அடைந்தது. வணிக உலகம் இதற்கு ‘ஓஸ்போர்ன் விளைவு’ என்றே பெயர் சூட்டிவிட்டது. போட்டியாளர்களின் மலிவான கணினிகளும், ஐ.பி.எம். வகைக் கணினிகளின் எழுச்சியும், நிர்வாகக் குறைகளும் சேர்ந்தே அவரை வீழ்த்தின என்று வாதிடுவோரும் உளர். அதில் நியாயம் உண்டு. எனினும் வாடிக்கையாளரின் காத்திருப்பு ஒரு நிறுவனத்தையே அசைக்கக்கூடியது என்ற பாடம் நிலைத்துவிட்டது. அடம் ஓஸ்போர்ன் 2003 இல் கொடைக்கானலில் காலமானார்.

அதே 1983 இல் ‘டி.ஆர்.எஸ். 80 மொடல் 100’ வெளிவந்தது. ஏறத்தாழ 1.4 கிலோ எடை. நான்கு சாதாரண பற்றரிகள். எட்டே வரி காட்டும் திரை. தொலைபேசி வழியே செய்தியை அனுப்பும் வசதி. அழகில்லாத இக்கருவியை அமெரிக்க நிருபர்கள் விரும்பிச் சுமந்தனர். அவர்கள் அதில் கண்ட சிறப்பு மூன்றுதான்: பாரம் இல்லை, விசைகள் நன்றாக இருந்தன, பற்றரி நீடித்தது.

தொடுதிரையின் கதை வேறு. 1993 இல் அப்பிள் நிறுவனம் ‘நியூட்டன்’ கருவியைக் கொணர்ந்தது. கையெழுத்தைப் பிழையாக வாசித்து நகைப்புக்குள்ளாகி 1998 இல் மறைந்தது. 2002 இல் மைக்ரோசொப்ட் பலகைக் கணினியை முன்வைத்தது; அது பரவலாகவில்லை. பெங்களூரில் உருவான ‘சிம்பியூட்டர்’ 2004 இல் விற்பனைக்கு வந்தும் எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை. 2010 இல் ஐபாட் வந்த பின்னரே தொடுதிரைப் பலகை பரவலான புழக்கத்துக்கு வந்தது. 1993 இல் ‘இதோ வருகிறது’ என்று காத்திருக்கத் தொடங்கியவர் 17 ஆண்டுகள் காத்திருந்திருப்பார். இடையே 2007 இல் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் மலிவான ‘ஈ பீசி’ வந்ததைக்கூட அவர் தவறவிட்டிருப்பார்.

தமிழில் எழுதுவோருக்கு இக்காத்திருப்பு இன்னும் நீண்டது. 1999 இல் சென்னையில் நடந்த மாநாட்டை அடுத்து ‘தமிழ் 99’ விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. நம் நாட்டிலோ பாமினி முறையில் பழகிய விரல்களே அதிகம். ஐபோன், ஐபாட் கருவிகளுக்குள் தமிழ் விசைப்பலகை சேர்க்கப்பட்டது 2013 இல்தான். கண்ணாடியில் தமிழ் தெரிவதற்கும் அதில் ஆயிரம் சொற்கள் எழுதுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை எழுதிப் பார்த்தவரே அறிவர்.

நமது ஊரருகே உள்ள அம்பேபுஸ்ஸ ஒரு நல்ல சாட்சி. கொழும்பிலிருந்து 54 கிலோமீற்றர் நீளமான இலங்கையின் முதல் இருப்புப்பாதை 1865 இல் அங்கேதான் வந்து நின்றது. கண்டியை அது எட்டியது 1867 இல். பாதை முழுதும் முடியட்டும் என்று போட்ட தண்டவாளத்தை எவரும் பூட்டி வைக்கவில்லை. முடிந்த மட்டும் ரயில் ஓடியது.

2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தபோது எந்தக் கருவி சிறந்தது என்று ஆராய எந்த நிருபருக்கும் அவகாசம் இருக்கவில்லை. கையில் இருந்ததைக் கொண்டே எழுதினார்கள். செய்தி காத்திருப்பதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். இன்று செய்ய வேண்டிய வேலை இருந்தால் இன்று கிடைப்பதை வாங்குங்கள். சார்ஜரையும் சேர்த்து எடை பாருங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துத் தட்டக்கூடிய விசைகளா என்று பாருங்கள். மின்வெட்டில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். வேலை எதுவும் கையில் இல்லாதவர் மட்டும் தாராளமாகக் காத்திருக்கலாம். தொடுதிரை வாசிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் இனியது. நீண்ட தமிழ்க் கட்டுரைக்கு இன்றும் விசைகளே துணை. இதைவிடச் சிறந்த கருவி நாளையும் வரும். அதற்கு அடுத்த நாளும் வரும். எழுதப்படாமல் போன செய்திதான் திரும்ப வருவதில்லை.