சாவியை வாங்கிக்கொள்வது யார்? தொண்டுத் தலைமையும் வங்கி ஊழியர் நலனும்

தலைவராக இருப்பவர் முதலில் தொண்டராக இருக்க வேண்டும் என்ற கருத்தை நிர்வாகவியலுக்குள் கொண்டுவந்தவர் ராபர்ட் கிரீன்லீஃப். ஏ.டி. அண்டு டி. என்னும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர். 1970-இல் அந்தக் கருத்தைக் கட்டுரையாக எழுதினார். 2008-இல் லைடனும் உடன் ஆய்வாளர்களும் இந்தத் தொண்டுத் தலைமையை அளக்க 7 கூறுகளும் 28 வினாக்களும் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். அதன் பிறகு வந்த ஆய்வுகளில் பல, ஊழியர் கையில் வினாத்தாளைக் கொடுத்து நேரடி மேலதிகாரிக்கு மதிப்பெண் போடச் சொல்கின்றன. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் வாதம்.

விராலிமலை போன்ற ஊரின் சிறிய வங்கிக் கிளையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஊழியர் நலன் என்றால் பெருமளவு விடுப்புதான். பணப் பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று காசாளரிடம், மற்றொன்று அதிகாரி ஒருவரிடம். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் சாவியை இன்னொருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளாமல் அந்த அதிகாரி ஊருக்குக் கிளம்ப முடியாது. நல்ல மேனேஜர் "நான் வச்சுக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார். வினாத்தாளில் அவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பெட்டகப் பொறுப்பும் நகைக்கடன் வரிசையும் மாலையில் மண்டல அலுவலகத்திலிருந்து வரும் டார்கெட் விசாரணையும் அன்றைக்கு அவர் தலையில். சுமை குறையவில்லை, தோள்தான் மாறியிருக்கிறது.

தனிமனிதப் பண்புக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவரவில்லை. கடுஞ்சொல் பேசாத மேலதிகாரி ஒரு கிளையையே மாற்றிவிடுவார். ஆனால் இலக்கையும் ஆள்பலத்தையும் தீர்மானிப்பவர் அவர் அல்லர். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை இலக்கின் நெருக்கடியில் வாடிக்கையாளர் அறியாமலே கணக்குகள் தொடங்கப்பட்டன. 2016-இல் அது வெளிவந்தபோது, சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் அதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. மேலிருந்து வந்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் கீழே இருந்தவர்கள் வேலையிழந்தார்கள்.

அதிகாரம் உள்ள இடத்தில் தொண்டு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விராலிமலை இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1991-இல் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதை எழுத்தறிவோடு இணைத்தார். சைக்கிள் வாங்கக் கடன் தரும்படி வங்கிகளை வற்புறுத்தினார். கனிவு மட்டும் இருந்து, வங்கிகளை அசைக்கும் பதவி இல்லாமல் போயிருந்தால் அந்தக் கடன் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆகவே அளவுகோலை ஒரு படி மேலே நகர்த்த வேண்டும். மண்டல மேலாளர் ஆள் இல்லாத கிளைக்கு மாற்று ஆள் அனுப்பினாரா, எட்ட முடியாத இலக்கை மேலிடத்தில் மறுத்துப் பேசினாரா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். வினாத்தாளின் ஒரு பிரதியை உரைகல்லோடு கிளையில் உட்கார்ந்திருக்கும் நகை மதிப்பீட்டாளருக்கும் ஆய்வாளர்கள் கொடுக்கட்டும். பல வங்கிகளில் அவருக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். அவர் விடுப்பு எடுத்தால் அன்றைய வருமானம் இல்லை.