வளைவில் மட்டும் கனக்கும் ஸ்டியரிங்

இன்னைக்கு ஒரு நோயாளி, அவரோட பரம்பரைக் கதை. நோயாளி 1990-களில் அமெரிக்காவில் தயாரான ஒரு பிக்கப் டிரக். புகார் என்னன்னா, ஸ்டியரிங் எப்பவாவது திடீர்னு கல்லு மாதிரி ஆகிடுது, ரெண்டு நிமிஷத்துல தானா சரியாகிடுது. மெக்கானிக்கிட்ட கொண்டு போனா வெண்ணெய் மாதிரி திரும்புது. அவரும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நம்ம ஆபீஸ்ல டெஸ்டர் ஒரு பக் போடுவாங்க. டெவலப்பர் "என் மெஷின்ல ஓடுதே"ன்னு மூடிடுவார். அதே கதைதான். ஆனா அங்கே உறைவது ஒரு ஸ்கிரீன். இங்கே வளைவில் இரண்டு டன் இரும்பு திரும்பாமல் நேராகப் போகும். என்னைக் கேட்டால், பவர் ஸ்டியரிங்கே இல்லாத வண்டியைவிட, வந்து வந்து போகும் வண்டிதான் ஆபத்து. இல்லாத வண்டியில் முதல் நாளிலிருந்தே கை பலமாக இழுக்கப் பழகியிருக்கும். இதில் ஒரு விரல் போதும்னு நம்பிக்கிட்டு இருக்கும்போது காலை வாரிடும்.

இந்த வியாதி ஏன் இப்படி ஒளிஞ்சு விளையாடுதுன்னு புரிய, நூறு வருஷம் பின்னாடி போகணும்.

பிரான்சிஸ் டேவிஸ் என்று ஒருத்தர். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்தின் பியர்ஸ்-ஏரோ கம்பெனியில் லாரிப் பிரிவின் தலைமை இன்ஜினியர். முதல் உலகப் போர்க் காலத்து கனரக லாரிகளை ஓட்டுவது மல்யுத்தம். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் வீல் திருப்பி அடிக்கும். நம்ம ஊர் பழைய லாரிகளில் ஸ்டியரிங் வீல் ஏன் அண்டா மூடி சைஸுக்கு இருந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? வட்டம் பெரிசானா நெம்புகோலும் பெரிசு, டிரைவரோட கைக்கு அவ்வளவுதான் கிடைச்ச உதவி.

டேவிஸ் 1922-ல் வேலையை விட்டுட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில் ஒரு சின்னப் பட்டறையில் உட்கார்ந்தார். இன்னைக்குப் பேச்சுல சொன்னா ஸ்டார்ட்அப். எண்ணெய் அழுத்தத்தை வைத்து சக்கரத்தைத் திருப்பலாம் என்ற யோசனை அவருக்கு முன்பே இருந்ததுதான். சிக்கல் என்னன்னா, அன்றைய ஹைட்ராலிக் அமைப்புகள் எண்ணெயை எப்போதும் உச்ச அழுத்தத்தில் சேமித்து வைத்திருக்கும். எந்நேரமும் அழுத்தம் இருந்தா எந்நேரமும் ஒழுகல்.

டேவிஸ் அதைத் தலைகீழாக்கினார். வால்வு சாதாரண நேரத்தில் திறந்தே இருக்கும். பம்ப் தள்ளும் எண்ணெய் சும்மா சுற்றி வந்து தொட்டிக்கே போகும், பெரிதாக அழுத்தம் எதுவும் கிடையாது. டிரைவர் வீலைத் திருப்பும்போதுதான் வால்வு ஒரு பாதையை நெருக்கும். தோட்டத்துக்குத் தண்ணி விடும்போது ஹோஸ் வாயை விரலால் பாதி மூடுவீங்களே, அப்போ பீறிட்டு அடிக்குமே, அதே சங்கதி. அழுத்தம் கேட்கிற நொடியில் பிறக்கும், கேட்டு முடிஞ்சதும் செத்துப்போகும்.

1926-ல் தன்னோட பியர்ஸ்-ஏரோ காரில் இதைப் பொருத்தி டெட்ராய்ட்டுக்கே ஓட்டிட்டுப் போய்க் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. சில வருஷம் வேலை நடந்தது, அதுக்குள்ள பெருமந்தம் வந்துடுச்சு. இதை வைத்து கார் செய்தால் செலவு கட்டுப்படியாகாதுன்னு 1934-ல் கைவிட்டாங்க. 1936-ல் பெண்டிக்ஸ் கம்பெனியோடு கைகோர்த்தார். இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்கு இது தேவைப்பட்டது. கடைசியில் 1951-ல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் பொதுமக்களுக்கு வந்தபோது, அது டேவிஸோட காலாவதியான காப்புரிமைகளை வைத்துச் செய்தது. அடுத்த வருஷமே கைவிட்ட ஜெனரல் மோட்டார்ஸும் கேடிலாக்கில் கொண்டு வந்தது. வயிறு எரியுமா எரியாதா?

சரி, நோயாளிக்கு வருவோம். நம்ம டிரக்கில் இருப்பது டேவிஸ் யோசனையின் பேரப்பிள்ளை. இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் பம்ப், ரெண்டு ஹோஸ், ஒரு ஸ்டியரிங் பாக்ஸ். அழுத்தம் கேட்டால்தான் பிறக்கும்னு சொன்னேன் இல்லையா? அப்போ கோளாறும் கேட்டால்தான் வெளியே வரும். நேர் ரோட்டில் பம்புக்கு வேலையே இல்லை. மெக்கானிக் ஹைவேயில் ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியலைன்னா அவர் பொய் சொல்லலை, கேட்க வேண்டிய கேள்வியை வண்டியிடம் கேட்கலை.

கேட்க வேண்டிய இடம் பார்க்கிங். இன்ஜின் ஐடிலில் இருக்கு, பம்ப் மெதுவா சுத்துது, வண்டி நகரலை, சிமெண்ட் தரையில் டயர் அரைக்குது. பம்புக்குப் பளு அதிகம், பலம் குறைவு. இங்கே வீலை இந்தப் பக்கம் கடைசி வரை, அந்தப் பக்கம் கடைசி வரை திருப்பிப் பாருங்க. ஓரத்தில் இழுத்துப் பிடிச்சுட்டே இருக்காதீங்க, பம்ப் சூடாகி வீணாகும்.

அதோடு "எப்போ கனக்குது?" என்ற கேள்விக்கு டிரைவர் சொல்லும் பதில்தான் நம்ம லாக் ஃபைல். மழையில், சட்டென்று திருப்பும்போது, கீச்சுன்னு சத்தத்தோடு கனத்தால் பெல்ட் வழுக்குது, அல்லது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கு. நீண்ட தூரம் ஓட்டிட்டு வந்து சிக்னலில் கனத்தால், சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போய், தேய்ஞ்ச பம்புக்குள்ளேயே கசியுது. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் லேசானா சந்தேகம் வலுக்கும். முனகல் சத்தமும் தொட்டியில் நுரையும் இருந்தா காற்று புகுந்திருக்கு. முதலில் எண்ணெய் அளவு, அப்புறம் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ். அந்த ஹோஸில் எண்ணெய் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே போகலாம்.

காலையில் முதல் சில நிமிஷம் மட்டும் கனத்து, சூடானதும் சரியாகுதா? 1980-களில் ஜெனரல் மோட்டார்ஸின் பல கார்களுக்கு இதே புகார். வால்வைச் சுற்றியிருந்த டெஃப்லான் வளையங்கள் மிருதுவான அலுமினியச் சுவரில் தடம் போட்டுட்டு, குளிரில் எண்ணெய் அந்தத் தடம் வழியா நழுவிடும். சூடானதும் இடைவெளி அடைபட்டுவிடும். மெக்கானிக்குகள் இதுக்கு "மார்னிங் சிக்னஸ்"னு பேரே வச்சாங்க. தமிழில் சொன்னா, வண்டிக்கு மசக்கை! நம்ம டிரக்கோட பாக்ஸ் வேற மாதிரிதான், ஆனாலும் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிந்தால் குளிர், சூடு வித்தியாசம் இப்படித்தான் தெரியும்.

ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனத்தால் பம்பை மாற்றப் போகாதீங்க. பம்புக்கு இடம் வலம் தெரியாது. அது பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டிய விஷயம்.

நிறைய பேர் கோட்டை விடுற இடம் இன்னொன்று. கனப்பதற்கு எண்ணெயே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஸ்டியரிங் வீலிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் தண்டில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். தண்ணி, உப்பு, சேறு எல்லாம் படுற இடம். அது துருப்பிடித்தால் ஒரு சுற்றில் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பிடிக்கும், மற்ற இடத்தில் லேசா இருக்கும். பாதிப் பேர் பம்பை மாத்துவாங்க, பிறகு பாக்ஸையும் மாத்துவாங்க, கனம் அப்படியே இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இருக்கு: இன்ஜினை அணைத்துட்டு, முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கையால் மெதுவா திருப்புங்க. அப்பவும் ஒரே இடத்தில் சிக்கினால் ஜாயின்ட், அல்லது கிரீஸ் காணாத பால் ஜாயின்ட். பம்ப் சுத்தாதபோது பம்பைக் குற்றம் சொல்ல முடியாதே.

கடைசிச் சந்தேக நபர் நம்ம ஜாதி, எலெக்ட்ரானிக்ஸ். அந்தக் காலத்து டிரக்குகள் சிலவற்றில் வேகத்துக்கு ஏற்ப உதவியைக் குறைக்கும் வால்வும், வீல் எவ்வளவு வேகமா திரும்புதுன்னு பார்க்கும் சென்சாரும் உண்டு. சென்சார் தேய்ந்தால் தப்பான சிக்னல் போகும், வளைவு நடுவில் உதவி கூடிக் குறையும். வண்டி தன்னிஷ்டத்துக்குத் துள்ளுற மாதிரி இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்கில் அந்த வால்வின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால், முழு உதவியும் எப்போதும் கிடைக்கும். கோளாறு மறைந்தால் ஆள் மாட்டிக்கிட்டார்.

இதையெல்லாம் பார்த்துட்டு, பம்ப் மேல்தான் சந்தேகம்னா, அப்போ பிரஷர் கேஜ். வால்வை மூடிப் பார்க்கும்போது ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம், ஆயிரம் பிஎஸ்ஐ தாண்டும் எண்ணெய் அது.

பிரேக் அழுத்தும்போது ஸ்டியரிங் கனக்குதுன்னா, அது டீசல் டிரக்குகளில் வரும் ஹைட்ரோபூஸ்ட் சமாச்சாரம். அதே பம்ப் பிரேக்குக்கும் சேர்த்து உழைக்குது. அதுக்குத் தனி எபிசோடே வேணும், அடுத்த வாரம் பார்க்கலாம்.