மடக்கு வெள்ளிக் கரண்டி

மடக்கு வெள்ளிக் கரண்டி என்பது கீல் பொருத்தி மடக்கக்கூடிய பயண உணவுக் கருவி. கரண்டியும் முள்கரண்டியும் ஒரே காம்பில் அமைந்த வகையும் உண்டு. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள கி.பி. 3ஆம் நூற்றாண்டு ரோமானியக் கருவி ஒன்றில் கரண்டி, முள்கரண்டி, இரும்புக் கத்தி ஆகியவை வெள்ளிக் காம்புக்குள் மடங்குகின்றன.

16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பயணிகள் தங்கள் கரண்டியைத் தாங்களே எடுத்துச் சென்றனர். கரண்டிக் குழியின் பின்புறத்துச் சிறு வளையங்களில் முள்கரண்டியின் முட்களைச் செருகினால் கரண்டி, கழற்றினால் முள்கரண்டி. காம்பின் நுனியில் மனித உருவங்கள் வார்க்கப்பட்டன.

19ஆம் நூற்றாண்டில் பழம்பாணிக்கு மோகம் பெருகியது. ஜெர்மனியின் ஹனாவ் நகரப் பட்டறைகள் பழைய வடிவங்களைப் புதிதாகச் செய்து, பழைய முத்திரை போலத் தோன்றும் குறிகளையும் பதித்தன. இன்று ஐயத்துக்குள்ளாகும் கரண்டிகள் பலவற்றின் பிறப்பிடம் இதுவே.

சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தெய்வ உருவங்கள் புடைத்த 'சாமி வெள்ளி' வேலைக்குப் பெயர்பெற்றது. 1875–76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர் பெற்ற பரிசுகளில் இவ்வகைத் தேநீர்த் தொகுதியும் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் லண்டனில் இருந்தது போன்ற அரசுத் தர முத்திரை முறை இல்லை. செய்தவர் பதித்த பெயரே சான்று. பெயரை எவரும் பதிக்கலாம் என்பதால், இந்திய வெள்ளியில் ஐயம் இன்னும் கூடுகிறது. வெள்ளிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க் 2005இல்தான் வந்தது.

தமிழ்நாட்டில் பழைய வெள்ளியைப் பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் உரசிப் பார்ப்பது வழக்கம். உரைகல் மாற்றைக் காட்டும், வயதைக் காட்டாது. மேலே வெள்ளி முலாம் பூசியிருந்தால், லேசாக உரசும்போது மாற்றிலும் ஏமாறலாம். வயதைத் தேய்மானமே சொல்லும். வலக்கைக்காரர் நெடுநாள் புழங்கிய கரண்டியில் குழியின் நுனி இடப்பக்கமாகத் தேய்ந்திருக்கும். கீலின் ஆணியும் துளையும் உராய்ந்து தளர்ந்திருக்கும். அசலை அச்செடுத்து வார்த்த போலியில் கோடுகளின் விளிம்பு மழுங்கி, பரப்பில் ஊசித்துளைகள் தெரியும். இரு கரண்டிகளில் முத்திரையும் அதன் கீறலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

நூறாண்டு கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்படும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே வயதைத் தீர்மானிப்பது விலையோடு மட்டுமன்றிச் சட்டத்தோடும் தொடர்புடையது.