ஒரு வாணலியில் தொள்ளாயிரம் ஆண்டுகள்

கொரியர்களின் ‘புல்கோகி’ என்னும் உணவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெயரைப் பார்த்து அது ஏதோ புல் வகை என்று எண்ணிவிட வேண்டாம். கொரிய மொழியில் ‘புல்’ என்றால் நெருப்பு. ‘கோகி’ என்றால் இறைச்சி. மாட்டிறைச்சியை மெல்லிய ஏடுகளாக அரிந்து, சோயா சாஸ், பூண்டு, வெங்காயத்தாள், சர்க்கரை, அரைத்த பேரிக்காய், வறுத்த எள்ளின் எண்ணெய் ஆகியவற்றில் ஊறவைத்து நெருப்பில் வாட்டினால் அதுதான் புல்கோகி. அதே முறையில் ஊறிய இறைச்சியுடன் காரட், காளான், குடைமிளகாய் சேர்த்து, வீட்டு வாணலியில் வதக்குவோரும் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இந்த உணவைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. இறைச்சியை ஏன் இவ்வளவு மெல்லியதாக அரிய வேண்டும்? ஏன் ஊறவைக்க வேண்டும்? இறைச்சி கொஞ்சமும் காய்கறி நிறையவுமாக ஏன் சேர்க்க வேண்டும்? விடையில் பாதி வேதியியலில் இருக்கிறது. மறுபாதி வரலாற்றில் இருக்கிறது. முதலில் வரலாற்றைக் காண்போம்.

கொல்லாமை நிலவிய நாடு

1123-ஆம் ஆண்டு, சீனாவின் சொங் அரசு கொரியாவுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அதில் வந்த சூ ஜிங் என்பவர் தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். அப்போது கொரியாவை ஆண்டது கோரியோ அரசமரபு (918–1392). பௌத்தம் தழைத்திருந்த காலம் அது. இந்நாட்டார் உயிர்க்கொலையைத் தவிர்க்கிறார்கள், அரசரும் பெரிய அமைச்சர்களும் தவிர மற்றவர்கள் ஆட்டையும் பன்றியையும் உண்பதில்லை, விலங்கை அறுக்கும் தொழிலே இவர்களுக்குச் சரியாக வரவில்லை என்பது அவர் குறிப்பின் சாரம். இன்று இறைச்சி உணவுக்குப் பெயர்பெற்ற நாட்டின் அன்றைய நிலை அது!

1231-இல் மங்கோலியர் படையெடுத்தனர். கால்நடை வளர்த்து இறைச்சி உண்டு வாழ்ந்த அந்த மக்களின் ஆதிக்கம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீடித்தது. அக்காலத்தில் இறைச்சிப் பழக்கம் மீண்டும் வேரூன்றியது.

ஏர் இழுத்த எருது

1392-இல் ஜோசொன் அரசமரபு தொடங்கியது. பௌத்தம் பின்னுக்குப் போய்க் கன்பூசியக் கொள்கை முன்னுக்கு வந்தது. விருந்திலும் முன்னோர் வழிபாட்டிலும் மாட்டிறைச்சிக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. ஆனால் அதே அரசுதான் மாட்டை அறுக்கக் கூடாது என்று மீண்டும் மீண்டும் தடை விதித்தது! காரணம் சமயம் அன்று, உழவு. மாடு இல்லையேல் ஏர் இல்லை. ஏர் இல்லையேல் நெல் இல்லை. ஒரே தடையை அரசு திரும்பத் திரும்பப் போட்டது என்றால், அதை மீறியவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆக, மாட்டிறைச்சி எல்லோரும் விரும்பிய பொருள். எளிதில் கிடைக்காத பொருள். ஏறத்தாழ 1670-இல் ஜாங் க்யே-ஹ்யாங் என்ற அம்மையார் கொரிய எழுத்தில் ஒரு சமையல் நூல் எழுதினார். அதில் ‘ஜாப்சே’ என்ற பதார்த்தம் வருகிறது. பலவகைக் காய்கறிகளை நறுக்கித் தனித்தனியே வதக்கி, காட்டுக்கோழியின் இறைச்சியைச் சிறிதளவு சேர்ப்பது அது. அங்கே காய்கறியே தலைமை, இறைச்சி துணை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த மற்றொரு நூலில், மாட்டிறைச்சியை மெல்லியதாக அரிந்து ஊறவைத்து வாட்டும் ‘நொபியானி’ இடம்பெறுகிறது. இன்றைய புல்கோகியின் முன்னோடி அதுவே.

கத்தி பிடித்தவர்கள்

இறைச்சியை விரும்பிய சமுதாயம் அதை அறுத்துக் கொடுத்தவர்களை எப்படி நடத்தியது? ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தது. அவர்கள் மற்றவர்களைப் போல உடையோ தொப்பியோ அணியக்கூடாது. பிறர் வீட்டுக் குழந்தைகளிடமும் பணிந்து பேச வேண்டும். நம் நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1423-இல், சேஜோங் மன்னரின் ஆட்சியில், இவர்களைப் பொதுமக்களோடு கலக்கச் செய்யும் நோக்கத்துடன் இவர்களுக்கு ‘பேக்ஜோங்’ என்று பெயர் சூட்டினார்கள். அதுவரை சாதாரணக் குடிமக்களைக் குறித்த சொல் அது. நடந்தது என்ன? ஒதுக்கப்பட்டவர்கள் உயரவில்லை, அந்தச் சொல்தான் தாழ்ந்தது. காலப்போக்கில் ‘பேக்ஜோங்’ என்பதே வசைச்சொல் ஆயிற்று.

1894-இல் சட்டம் இந்த இழிவை ஒழித்தது. வழக்கமோ ஒழியவில்லை, அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். 1923 ஏப்ரலில், ஜின்ஜு என்ற நகரில் ‘ஹியோங்பியோங்சா’ என்னும் சங்கம் தோன்றியது. ‘ஹியோங்’ என்றால் தராசு. அவர்கள் அன்றாடம் கையில் பிடித்த தராசே சமத்துவத்தின் அடையாளம் ஆயிற்று! அவர்கள் கேட்டது சலுகை அல்ல, சரியான எடை. உழவர்களில் ஒரு சாரார் எதிர்த்தனர். இவர்களிடம் மாட்டிறைச்சி வாங்க மாட்டோம் என்றுகூடக் கிளம்பினர். ஆயினும் சங்கம் நாடெங்கும் கிளைவிட்டது.

வாணலியில் நடப்பது

இனி வேதியியலுக்கு வருவோம். தசை என்பது நீண்ட நார்களின் கட்டு. அந்தக் கட்டைச் சுற்றி நிற்பது கொல்லாஜன் என்னும் புரதம். மாட்டுக்கு வயது ஏற ஏறக் கொல்லாஜனின் பிணைப்பு இறுகுகிறது. உழுது முதிர்ந்த மாட்டின் இறைச்சி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! நாரின் குறுக்கே மெல்லியதாக அரிந்தால் ஒவ்வொரு நாரும் குட்டையாகிவிடுகிறது. பல்லுக்கு வேலை குறைகிறது. இறைச்சி பாதி உறைந்திருக்கும்போது அரிந்தால் கத்தி வழுக்காது.

பேரிக்காயின் பங்கு என்ன? புரதத்தை வெட்டும் நொதிப்பொருள் அதில் இருக்கிறது. நம் வீடுகளில் கறி வேக அரைத்துப் போடும் பப்பாளிக்காயிலும் இத்தகைய நொதிதான் வேலை செய்கிறது. அதன் பெயர் பப்பைன். அது பேரிக்காயைவிட வலுவானது. ஆகவே பப்பாளியைச் சிறிதளவே சேர்க்க வேண்டும். நெடுநேரம் ஊறினால் இறைச்சி கூழாகிவிடும்.

சோயா சாஸும் நொதிகளின் படைப்பே. கொரியர்கள் சோயா மொச்சையை வேகவைத்து இடித்துக் கட்டிகளாக்கி, வைக்கோலால் கட்டித் தொங்கவிடுவார்கள். வைக்கோலிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதில் வளர்கின்றன. பின்னர் உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறும்போது புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. வடித்த நீர் சாஸ்; எஞ்சியது விழுது.

இந்த அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் கூடும்போது பழுப்பு நிறமும் மணமும் பிறக்கின்றன. 1912-இல் இதை விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் மய்யார். இந்த வினை விரைவாக நடக்க ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வேண்டும். சட்டியில் நீர் தேங்கினாலோ வெப்பம் 100 பாகையைத் தாண்டாது; இறைச்சி வறுபடாமல் அவியும். எனவே 250 கிராம் இறைச்சியை அரைமணி நேரம் ஊறவைத்து, காய்கறிகளை முதலில் தனியே வதக்கி எடுத்துவிடுங்கள். பிறகு நன்றாகக் காய்ந்த வாணலியில் இறைச்சியை இரண்டு மூன்று தவணையாகப் போட்டு வதக்குங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கலந்து, எள் எண்ணெய் விட்டு இறக்குங்கள்.

1970-களில் கொரிய வயல்களில் விசைக் கலப்பைகள் பெருகின. மாடு நுகத்தடியிலிருந்து விடுபட்டு இறைச்சிக்காக வளர்க்கப்படும் விலங்காயிற்று. பற்றாக்குறைக் காலத்தின் சமையல்முறை மட்டும் மாறவில்லை. கொஞ்சம் இறைச்சியைப் பலருக்குப் பங்கிட வழி கண்ட கைகளின் அறிவு அதில் இருக்கிறது. அடுத்த முறை கடையில் 250 கிராம் நிறுக்கும்போது அந்தத் தராசைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு காலத்தில், ஒரு நாட்டில், மனிதர்கள் அதைக் காட்டித்தான் தங்கள் மதிப்பைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.