சங்கும் டப்பாவும்

ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர் மதுரைக் கோச்சடையில் குடியிருந்தால் வாரம் ஒருவராவது வாசலில் நின்று, "பால் பத்தலை டாக்டரம்மா, டப்பாப் பால் எழுதிக் குடுங்க" என்பார்கள். பால் பத்தாது, டப்பாதான் வழி என்ற நம்பிக்கையை ஊட்டியதில் எங்கள் படிப்புக்கும் பங்கு உண்டு.

நான் மருத்துவம் படித்தது எழுபதுகளில். மார்பகத்தை அறுவை சிகிச்சை வகுப்பில் கட்டியாகவும் சீழாகவும் புற்றாகவும் படித்தோம். மகப்பேறு வகுப்பு, நஞ்சு விழுந்ததோடு தாயைக் கைகழுவிவிடும். குழந்தை மருத்துவத்திலோ, எடைக்கு எத்தனை அவுன்ஸ், பவுடர் எத்தனை கரண்டி என்று கணக்கு. தாய்ப்பாலின் சத்துப் பட்டியல் மனப்பாடம். பிள்ளையை மார்பில் போடுவது எப்படி என்று எந்தத் துறையும் காட்டவில்லை. காட்டியவர் வார்டு ஆயாம்மா. "காம்ப மட்டும் கவ்வுனா புண்ணாயிடும் தாயி. வாயை நல்லாத் தொறக்கவிட்டு, கருப்பும் உள்ள போற மாதிரி குடு." பிற்காலத்துக் கையேடுகள் படம் போட்டுச் சொன்னதும் இதையேதான்.

அதற்காகப் பாட்டிகளைத் தலையில் தூக்கிவைக்க முடியாது. சீம்பாலைப் பீச்சிக் கொட்டச் சொன்னதும், சேனை தொட்டு வைத்ததும், கழுதைப்பால் ஒரு சங்கு புகட்டியதும் அவர்கள்தான். அந்தச் சங்கு மட்டும் பிழைத்துக்கொண்டது. குறைப்பிரசவப் பிள்ளைக்குப் பீச்சிய தாய்ப்பாலைப் புகட்ட, புட்டியை ஒதுக்கிவிட்டு இன்று பச்சிளங்குழந்தை வார்டுகளே அதை எடுத்து வைத்திருக்கின்றன.

டப்பாவின் கதை வேறு. இனிப்பூட்டிய கெட்டிப்பாலைப் பிள்ளைகளுக்கு விற்பதைக் கண்டு கொதித்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939-இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்கு 'பாலும் கொலையும்' என்றே தலைப்பு வைத்தார். நம் நாட்டிலோ, எருமைப்பாலிலிருந்து குழந்தைப் பவுடர் செய்யும் முறையை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம் உருவாக்கியது. அமுல் அதை டப்பாவில் அடைத்தது. கொழுகொழு பிள்ளையை 'அமுல் பேபி' என்று கொஞ்சினோம். டாக்டர்கள் மேசையில் பவுடர் கம்பெனிகளின் பேனாவும் காலண்டரும் இருந்தன.

1981-இல் உலக சுகாதார மன்றம் டப்பாப் பால் விற்பனைக்கான நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992-இல் சட்டமே போட்டது. 2003-இல் அதை இறுக்கியது. டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, மருத்துவருக்குப் பரிசு கூடாது. பேனாக்கள் மறைந்தன. பாடம் அத்தனை வேகமாக மாறவில்லை. தாய்ப்பாலூட்டலை வளர்க்கும் 'குழந்தை நேய மருத்துவமனை' இயக்கத்துக்காக 1993-இல் வந்த பயிற்சியே 18 மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் தாயின் அருகில் நின்று பழக வேண்டும். மருத்துவ மாணவர் பாடநூல்களுக்கென்று ஒரு மாதிரி அத்தியாயத்தை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது 2009-இல்தான். இந்தியாவில் 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், சரியாகப் பாலூட்டுவதையும் தவறாக ஊட்டுவதையும் மாணவர் பார்த்துப் பிரித்தறிய வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. எங்கள் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1954-இல் என்பதை நினைத்தால், எத்தனை தலைமுறை டாக்டர்கள் இது இல்லாமலே வெளியே வந்தோம் என்று தெரியும்.

எழுதிவைத்தது போதாது. தேர்வாளர்களை ஒன்று கேட்கிறேன்: இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில், 'பால் பத்தலை' என்று அழும் தாயின் கட்டிலருகே மாணவரை அரை மணி நேரம் உட்காரவையுங்கள். மதிப்பெண்ணை அங்கே போடுங்கள்.