உறையோடு தொலையும் வரலாறு

மட்டாஞ்சேரியில் படகேறி எறணாகுளத்தில் இறங்கி, பிராட்வே கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் ஒரு பெட்டி நிறையத் தபால்தலைகளைக் கண்டேன். அனைத்தும் உறைகளிலிருந்து சதுரமாக வெட்டி எடுக்கப்பட்டவை. சிலவற்றின் ஓரத்தில் வண்ண மையால் வரைந்த கொடியின் நுனியோ பூவிதழோ எஞ்சியிருந்தது. வரைந்தவர் யார், யாருக்காக வரைந்தார் என்பவை கத்தரிக்கோலோடு போய்விட்டன.

ஒப்பனை செய்த மடல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். அவையும் வரலாற்றுச் சான்றுகளே என்பதுதான் இப்பதிவின் கருத்து.

1840இல் பிரித்தானிய அரசு, பென்னி பிளாக் தபால்தலையோடு ஓவியர் வில்லியம் மல்ரெடி வரைந்த உறையையும் வெளியிட்டது. பிரிட்டானியாவையும் யானை, ஒட்டகங்களையும் தாங்கிய அவ்வுறையை மக்கள் எள்ளி நகையாடினர். அதனைப் பகடி செய்து வேறு உறைகளும் அச்சாயின. அரசு அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. நிலைத்தவை சிறு தபால்தலையும் வெற்றுத்தாளுமே. அரசு வரைந்து தந்த ஒப்பனையை ஏற்காத மக்கள், அது விட்டுவைத்த வெற்றிடத்தைத் தமதாக்கிக்கொண்டனர்.

இந்தியாவில் 1879இல் காலணா விலையில் தபாலட்டை வந்தது. அந்த எளிய அட்டையில்தான் சாந்திநிகேதனத்து நந்தலால் போஸ் சிறு ஓவியங்களைத் தீட்டி, மாணவர்க்கும் நண்பர்க்கும் அனுப்பிவந்தார். ஒவ்வோர் அட்டையும் ஒருவருக்கென்றே வரையப்பட்டது.

தமிழர்க்கும் இது புதிதன்று. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம், பிரிக்கும் முன்பே மங்கலச் செய்தியைச் சொல்லிவிடும். கறுப்புக் கரையிட்டது சாவைச் சொல்லும். எழுத்தறியாதவரும் அவ்வுறையைப் 'படித்தனர்'. பிற்காலத்தில், முகமறியாப் பேனா நண்பர்கள் உறையில் பூ வரைந்ததும் மடலுக்குள் மயிலிறகு வைத்ததும் இதே மரபின் நீட்சி எனலாம். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் காணாமலே நட்புக் கொண்டனர் என்று புறநானூறு காட்டுகிறது. காணாதவர்க்குத் தம்மைக் காட்டும் வழியாக அமைந்தது ஒப்பனை.

இங்கே கொச்சி நமக்கு முக்கியமாகிறது. திருவிதாங்கூரும் கொச்சியும் 'அஞ்சல்' என்ற பெயரிலேயே தத்தம் தபால்துறையை நடத்தின. திருவிதாங்கூர் 1888இலும், கொச்சி 1892இல் புத்தன் என்னும் நாணய மதிப்பிலும் தபால்தலை வெளியிட்டன. நாகர்கோவில் தமிழரின் கடிதங்களும் திருவிதாங்கூர் அஞ்சலில் பயணம் செய்தவையே. 1951இல் இவ்வஞ்சல் துறைகள் இந்தியத் தபால்துறையோடு இணைந்தன. தலையை மட்டும் வெட்டி எடுத்தால் முகவரி போகிறது; முத்திரை சிதைகிறது; அனுப்பியவரின் கைவண்ணமும் அழிகிறது. கடிதங்களைத் தொகுத்து நூலாக்கும் நாமும் வாசகத்தை மட்டும் அச்சிட்டு, உறையைக் கைவிடுகிறோம். அதுவும் ஒரு வெட்டுதானே?

வீட்டுப் பரணில் பழைய கடிதக்கட்டு இருப்பின், தலையை வெட்டாதீர்கள். உறையின் இருபுறத்தையும் படமெடுத்து, மடலோடு சேர்த்தே காத்து வையுங்கள்.